வாருங்கள் என்று அழைக்காத சமயம்

லாச்சப்பல் மெத்ரோ வாசலில், தமிழில் அச்சடித்த துண்டுப் பிரசுரங்களை நீட்டுபவர்களை நாங்கள் எல்லோரும் கடந்து போயிருக்கிறோம். சில நிமிட நடையில், ரூ பஜோலில், 1985 இல் தொடங்கப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. அங்கிருந்து யாரும் புறப்பட்டுப் போய் ஒரு பிரெஞ்சுக்காரரைச் சைவராக்க முயன்றதை நாங்கள் கண்டதில்லை. கோடை முடிவில் தேர் இழுக்கும்போது தெருவோரம் நின்று பார்க்கும் வெள்ளைக்காரருக்கும் தண்ணீரும் பிரசாதமும் கொடுக்கிறோம். நீ என்ன சமயம் என்று கேட்பதில்லை. இது பெருந்தன்மையா, அக்கறையின்மையா? இரண்டும் உண்டு என்பதே எங்கள் எண்ணம்.

எங்கள் பிள்ளைகள் இங்கே வரலாற்றுப் பாடத்தில் 'பாயேன்' என்றொரு சொல்லைப் படிக்கிறார்கள். கிறிஸ்தவத்துக்கு முந்திய, பல தெய்வங்களைக் கும்பிட்ட மக்களுக்கு இட்ட பெயர். நாட்டுப்புறத்தைக் குறித்த ஒரு லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. கமக்காரனைக் குறிக்கும் 'பெய்ஸான்' அதற்கு உறவு. யாழ்ப்பாணத்து மிஷனரிமார் எங்கள் முன்னோரை 'அஞ்ஞானிகள்' என்று எழுதியதும் ஏறக்குறைய இதே பொருளில்தான். சொல் வசைதான். ஆனால் அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது: இத்தகைய வழிபாடு ஊரோடு சேர்ந்தது. கந்தன் ஒருவன்தான், ஆனாலும் நல்லூரான் வேறு, சந்நிதியான் வேறு. இன்னோர் ஊருக்குப் போனால் அங்குள்ள தெய்வத்தையும் கும்பிட்டுவிட்டு வருவோம். மடு மாதாவிடம் நேர்த்தி வைத்த சைவர்கள் எத்தனை பேர்! இங்கே வந்த பிறகு லூர்துக்குப் பஸ் பிடித்துப் போகிறவர்களில் திருநீறு பூசியவர்களும் இருக்கிறார்கள்.

இந்தப் பரிஸ் நகரமே ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1711 இல் நோத்ர் டாம் தேவாலயத்தின் அடியில் தோண்டியபோது, திபேரியஸ் பேரரசர் காலத்தில் படகோட்டிகள் நிறுவிய ஒரு தூணின் கற்கள் கிடைத்தன. இப்போது குளுனி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ரோமரின் ஜுப்பிட்டரும் வல்கனும் உள்ளூர்த் தெய்வங்களான எசுஸும் செர்னுனோஸும் ஒரே தூணில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். வென்றவனின் தெய்வம் வந்தது. தோற்றவனின் தெய்வம் போகவில்லை. இதற்காக ரோமரைப் புனிதராக்கத் தேவையில்லை. 250 ஆம் ஆண்டளவில் தேசியுஸ் பேரரசர், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்று கட்டளையிட்டார். மறுத்த கிறிஸ்தவர்கள் சிறை சென்றார்கள், சிலர் இறந்தார்கள். 'இதையும் கும்பிடு' என்றுதான் அவர் கேட்டார், 'அதை விட்டுவிடு' என்று கேட்கவில்லை. ஒருவரையே கும்பிடுபவனுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பது ரோமருக்கு விளங்கவில்லை.

'விட்டுவிடு' என்ற சொல்லை யாழ்ப்பாணம் போர்த்துக்கேயரிடம் கேட்டது. 1619 இல் இராச்சியம் வீழ்ந்தது, 1621 இல் நல்லூர்க் கோயில் இடிக்கப்பட்டது. பின் வந்த ஒல்லாந்தர் காலத்தில் உத்தியோகத்துக்கும் திருமணப் பதிவுக்கும் ஞானஸ்நானம் தேவைப்பட்டது. எங்கள் முன்னோர் தோம்பில் கிறிஸ்தவர், வீட்டில் சைவர். விரதச் சோறு உண்ட வாழையிலையைக் கூரை இறப்பில் செருகி மறைத்த கதையை ஆச்சிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். கணக்கெழுதிப் பிழைக்கும் எங்களைப் போன்றவர்கள் இதை இரட்டைப் பேரேடு என்போம். ஆங்கிலேயர் காலத்தில் அந்தக் கட்டாயம் தளர்ந்ததும் பெரும்பாலோர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார்கள்.

1816 இல் வந்த அமெரிக்க மிஷன் கட்டாயப்படுத்தவில்லை. பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் கொண்டுவந்தது. கடினமான சோதனை அதுதான். பேர்சிவல் பாதிரியாரிடம் படித்து, பைபிள் மொழிபெயர்ப்பில் அவருக்கு உதவிய ஆறுமுக நாவலர், அதே கருவிகளைத் தன் கையில் எடுத்தார். 1847 முடிவில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம், 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலை, பிறகு சொந்த அச்சுக்கூடம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் முதலில் கூப்பிட்டது கிறிஸ்தவர்களை அல்ல, சைவர்களை. உன் சமயம் என்னவென்று உனக்கே தெரியாது, வந்து படி என்றார்.

நாங்கள் யாரையும் மாற்றியதே இல்லை என்று மேடையில் முழங்குபவர்கள் பெரியபுராணத்தை இன்னொரு முறை படிக்கலாம். சமணராகத் தருமசேனர் என்ற பெயரோடு இருந்த அப்பர் சைவத்துக்குத் திரும்புகிறார். சம்பந்தர் பாண்டியனை மாற்றுகிறார். வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகவும் அந்நூல் சொல்கிறது. அது வரலாறா என்பது வேறு விவாதம். பெருமையாகச் சொல்லப்பட்ட கதை என்பதே இங்கு முக்கியம்.

வெளியாரை அழைக்காத இதே சமயம் உள்ளே இருந்தவர்களுக்கும் கதவைச் சாத்தியது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நின்றபோது, அவர்களைத் தடுத்தவர்களும் சைவர்கள்தான். நாவலரும் சாதி ஒழுங்கைக் கைவிட்டவர் அல்லர். பிறப்பால் வருவது சமயம் என்றால், பிறப்பைக் காட்டி வெளியே நிறுத்தவும் முடியும். அப்படி நிறுத்தப்பட்டவர்களில் சிலர் 'வாருங்கள்' என்று அழைத்த இடத்துக்குப் போனதை மதமாற்றச் சூழ்ச்சி என்று மட்டும் சொல்வது நேர்மையான கணக்கு அல்ல.

புலம்பெயர்ந்த பிறகு கேள்வி வேறு வடிவில் வருகிறது. பிரெஞ்சு மருமகள் கேட்கிறாள்: "நான் உங்கள் சமயத்தில் சேர என்ன செய்ய வேண்டும்?" "சேரத் தேவையில்லை பிள்ளை, கோயிலுக்கு வந்தால் போதும்" என்கிறோம். அன்பான பதில்தான், ஆனால் கதவு திறந்ததா மூடியதா என்று அவளுக்கு விளங்காது. இதற்கு விடை தேடிய ஒருவர் எங்கள் ஊர் வழியாக வந்தவரே. கொழும்புத்துறை யோகர் சுவாமிகளிடம் 1949 இல் தீட்சை பெற்ற அமெரிக்கர், சிவாய சுப்பிரமுனிய சுவாமிகள், ஹவாயின் கவாய் தீவில் மடம் அமைத்து 2001 இல் மறைந்தார். அவர் யாரையும் தேடிப் போய் மாற்றவில்லை. தானாக வந்தவரிடம் ஓர் ஒழுங்கைக் கேட்டார்: உன் பழைய சமயத்தைப் படி, உன் பழைய குருவானவரிடம் நேரில் போய்ச் சொல், முடிந்தால் விடுவித்துக் கடிதம் வாங்கு, பிறகு பெயர் சூட்டுவோம். எங்கள் பெரியவர்களில் பலருக்கு இது மிகையாகத் தோன்றும். கடன் தீர்த்துக் கணக்கு மூடுவது போன்ற அந்த முறை எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

மருமகளுக்கும் சொல்ல ஒரு பதில் உண்டு. சைவத்தில் சமய தீட்சை என்று ஒன்று இருக்கிறது. குருவிடம் கேட்டுப் பெறுவது. நித்திய வழிபாடு, திருநீறு, ஐந்தெழுத்து என்று அதற்குக் கடமைகள் உண்டு. அவளுக்கு அதைச் சொல்ல உட்காரும்போது பக்கத்தில் எங்கள் மகனும் இருப்பான். அவனும் தீட்சை பெறவில்லை. ஏன் கும்பிடுகிறோம் என்று அவனும் பிரெஞ்சு மொழியில்தான் கேட்பான்.