டிகிரி முடிச்சாச்சு, இனி கால்நடை டாக்டர் ஆக முடியுமா? பதில் உங்கள் பிளஸ் டூ மார்க் ஷீட்டில்!

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரத்தை நிறைத்தது. உடம்பெல்லாம் எண்ணெய் அப்பிய கூழைக்கடா பறவைகளின் படங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் சுற்றின. 'நாம வெட் ஆகியிருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாமே' என்று அப்போது நினைத்தவர்கள் இருப்பார்கள்.

ஆசை வந்தது சரி. ஆனால் கையில் ஏற்கெனவே ஒரு டிகிரி இருந்தால்? திருவொற்றியூரில் வீடு, பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி பட்டம், மணலியில் லேப் வேலை, வயது 23. இப்படி ஒருவர் இப்போது கால்நடை மருத்துவம் படிக்க முடியுமா?

சுருக்கமான பதில்: கதவு மூடவில்லை. ஆனால் அந்தக் கதவில் உங்கள் டிகிரிக்கு மதிப்பில்லை.

டிகிரிக்கு ஏன் மதிப்பில்லை?

அமெரிக்காவில் பெரும்பாலானவர்கள் கல்லூரியில் சில ஆண்டுகள் அறிவியல் படித்துவிட்டுத்தான் 4 ஆண்டு கால்நடை மருத்துவப் படிப்புக்குப் போகிறார்கள். பிரிட்டனில் லண்டன் ராயல் வெட்டரினரி காலேஜ், எடின்பரோ பல்கலைக்கழகம் போன்றவற்றில் பட்டதாரிகளுக்கென்றே 4 ஆண்டு படிப்பு உண்டு.

இந்தியாவில் அப்படி ஒரு குறுக்குவழி இல்லை. இங்கே பி.வி.எஸ்சி. அண்ட் ஏ.ஹெச். படிப்பு பிளஸ் டூவிலிருந்து தொடங்குகிறது. நாலரை ஆண்டு வகுப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப், மொத்தம் ஐந்தரை ஆண்டு. பயோகெமிஸ்ட்ரியில் தங்கப் பதக்கமே வாங்கியிருந்தாலும் முதல் வருட பயோகெமிஸ்ட்ரி பேப்பரை மறுபடி எழுதியாக வேண்டும். லேட்டரல் என்ட்ரி கிடையாது.

எந்த மார்க் கணக்கில் வரும்?

தமிழ்நாட்டில் இந்தப் படிப்பை நடத்துவது, மாதவரம் பால் பண்ணையில் தலைமையகம் உள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், அதாவது தனுவாஸ். 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி என மேலும் 6 கல்லூரிகள் உண்டு.

மாநில இடங்களுக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மார்க்தான். உயிரியலுக்கு 100, இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டு தலா 50, ஆக மொத்தம் 200. உயிரியல் 92, இயற்பியல் 84, வேதியியல் 88 எடுத்தவரின் கட்-ஆஃப் 92 + 42 + 44 = 178. ரேங்க் பட்டியலின் உச்சியில் இருப்பவர்கள் 200-ஐ ஒட்டியே நிற்பார்கள்.

பட்டதாரிகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 17 வயதில் வாங்கிய மார்க்கை 23 வயதில் மாற்ற முடியாது. 2021 பேட்ச் மாணவர்களின் நிலை இன்னும் விசித்திரம். கொரோனாவால் அவர்கள் பொதுத்தேர்வே எழுதவில்லை. பத்தாம் வகுப்பு 50%, பதினொன்றாம் வகுப்பு 20%, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீடு 30% என்று கணக்கிட்டு வந்த மார்க்தான் இன்றைக்கும் அவர்கள் கையில் இருக்கிறது.

பிளஸ் டூவில் உயிரியலே எடுக்காமல் கம்ப்யூட்டர் சயின்ஸ், காமர்ஸ் குரூப் படித்தவர்களுக்கு மாநில இடத்துக்கான வழி இல்லை.

அப்போ புதுசா ஒரு சான்ஸ்?

ஒன்று உண்டு, அது நீட். கால்நடை மருத்துவ இடங்களில் 15% அகில இந்திய ஒதுக்கீடு. இந்தியக் கால்நடை மருத்துவ கவுன்சில் நீட் மதிப்பெண்ணை வைத்து கவுன்சலிங் நடத்தும். நீட்டை மறுபடி எழுதலாம், 2022 முதல் அதற்கு உச்ச வயது வரம்பும் இல்லை. சீட் எந்த மாநிலத்தில் கிடைத்தாலும் போகத் தயாராக இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நீட்டுக்கு வயது வரம்பு இல்லை என்பதால் கவுன்சலிங்குக்கும் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கவுன்சிலின் கையேடு, தனுவாஸ் கையேடு இரண்டிலும் அந்தந்த ஆண்டின் வயது விதியைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

செலவுக்கு என்ன வழி?

வேலையை விட்டுவிட்டு ஐந்தரை வருடம் என்பது பல வீடுகளில் ஒரு சம்பளம் நின்றுபோவது. இரண்டாவது டிகிரி என்பதால் உதவித்தொகையிலும் சிக்கல் வரும். எஸ்.சி. மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில், ஒரு பட்டம் முடித்துவிட்டு அதே நிலையில் வேறு பாடம் படிப்பவர்களுக்கு உதவி கிடையாது. சேருவதற்கு முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

6-ம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசு அல்லது மாநகராட்சிப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ல் வந்த 7.5% உள் ஒதுக்கீடு கால்நடை மருத்துவத்துக்கும் பொருந்தும். ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் மாநகராட்சிப் பள்ளியில் படித்தவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம்.

நாய், பூனை மட்டும்தானா?

இல்லை. படிப்பில் பாதிக்கு மேல் மாடு, ஆடு, கோழி என்று போகும். வேலையும் பெட் கிளினிக்கோடு முடிவதில்லை. அறுப்புக்கூடங்களில் இறைச்சியைச் சோதித்துச் சான்று தருவது கால்நடை மருத்துவர்தான். வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வந்து இறங்கும் விலங்குகளையும் விலங்குப் பொருட்களையும் சோதிக்க மத்திய அரசின் தனிமைப்படுத்தல் நிலையம் இருக்கிறது. அரசு கால்நடை உதவி மருத்துவர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு வைக்கிறது.

வேறு வழியே இல்லையா?

விலங்குகளுக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றால் இந்தப் படிப்பும் பதிவும் கட்டாயம். 1984-ம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கூழைக்கடாக்கள் ஏன் எண்ணூருக்கு வருகின்றன, அங்கே எப்படிப் பிழைக்கின்றன என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், அது காட்டுயிர் உயிரியல். மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி, டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம் போன்ற இடங்களில் அதற்கு எம்.எஸ்சி. இருக்கிறது. அங்கே உங்கள் டிகிரிக்கு மதிப்பு உண்டு, இரண்டே வருடம்.

எதை முடிவு செய்வதற்கு முன்பும் இரண்டு வேலைகள். ஒன்று, பீரோவிலிருந்து பிளஸ் டூ மார்க் ஷீட்டை எடுத்து மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு, லீவு நாளில் ஒரு காலை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். நாய்க்குட்டியோடு வந்து அழுபவர்களையும், ஆட்டை ஆட்டோவில் ஏற்றி வருபவர்களையும் பாருங்கள். அந்த வாசனை, சத்தம், அவசரம் எல்லாம் பார்த்த பிறகும் ஆசை குறையவில்லையா? அப்போ அப்ளிகேஷன் எப்போ வரும் என்று பாருங்கள். வழக்கமாக பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு, மே - ஜூன் வாக்கில்.