மேலே காய்ந்தது, உள்ளே ஈரம்

வெள்ளத்தில் நனைந்த கார்களின் தோல் இருக்கைகளைக் காப்பாற்ற முடியும். அதற்குப் பொறுமை வேண்டும். சால்ட் லேக்கில் மழைக்குப் பிறகு அதுதான் கிடைப்பதில்லை.

மழை விட்ட மறுநாள் சால்ட் லேக் தெருக்களில் ஒரு காட்சி தவறாது. நான்கு கதவுகளையும் விரித்துக்கொண்டு கார்கள் வெயிலில் நிற்கும். கால் மிதியடிகள் காம்பவுண்டுச் சுவரில் தொங்கும். டிரைவர் பழைய துணியால் இருக்கைகளை அழுத்தித் துடைப்பார். சாயங்காலத்துக்குள் தோல் காய்ந்துவிடும். வண்டிக்காரர் நிம்மதியாக வீட்டுக்குள் போவார். உண்மையில் சேதம் ஆரம்பிப்பதே அப்போதுதான்.

2025 செப்டம்பர் 22 நள்ளிரவு தொடங்கி மறுநாள் காலை வரை கொல்கத்தாவைப் புரட்டிப்போட்ட மழை, துர்கா பூஜைக்குச் சில நாட்களே இருந்த நேரத்தில் வந்தது. 24 மணி நேரத்தில் 250 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து பலர் உயிரிழந்தார்கள். அந்தத் துயரத்தின் முன் கார் இருக்கை அற்ப விஷயம்தான். ஆனால் கடன் வாங்கி, தவணை கட்டி, கார் வாங்கிய குடும்பங்களுக்கு அது அவ்வளவு அற்பமல்ல.

சால்ட் லேக்குக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு பழையது. பெயரே சொல்கிறது: இது உப்பு ஏரி. முதலமைச்சர் பிதான் சந்திர ராயின் கனவுப்படி, 1960களில் ஹூக்ளி நதியின் வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து கொட்டிச் சதுப்பைத் தூர்த்தார்கள். நகரின் வரைபடத்தைப் போட்டவர் யூகோஸ்லாவியரான டொப்ரிவோயே தோஷ்கோவிச். எஞ்சிய சதுப்பு இன்னும் கிழக்கே இருக்கிறது. கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம் என்ற பெயரில் அது 2002இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

அம்பாசடர் காலத்தில் இவ்வளவு தலைவலி இல்லை. ஹூக்ளிக் கரையில் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அந்த வண்டியின் ரெக்ஸின் இருக்கையைக் கழற்றி மாடியில் போட்டால் போதும். இன்றைய இருக்கைக்குள் ஃபோம், சூடேற்றும் கம்பிகள், ஆள் உட்கார்ந்திருப்பதை உணரும் சென்சார், சில வண்டிகளில் பக்கவாட்டு ஏர்பேக் என்று ஒரு சின்னத் தொழிற்சாலையே இருக்கிறது.

தோல் நனைந்ததும் கெட்டுவிடாது. பதனிடும்போது அது பல நாட்கள் தண்ணீரில் ஊறியதுதான். தோலின் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கிக்கொண்டிருக்க, தொழிற்சாலையில் அதற்கு எண்ணெய் ஊட்டுகிறார்கள். நனைந்த தோல் வேகமாகக் காயும்போது, வெளியேறும் தண்ணீரோடு எண்ணெயும் இடம்பெயர்கிறது. நார்கள் ஒட்டிக்கொள்கின்றன. இருக்கை அப்பளம்போல் விறைத்து, தையல் ஓரத்தில் வெடிக்கிறது. வெயில், ஹீட்டர், தலைமுடி உலர்த்தும் கருவி மூன்றும் செய்வது இதைத்தான்.

அதைவிடப் பெரிய ஆபத்து அடியில் இருக்கிறது. மேல்தோல் காய்ந்த பிறகும் ஃபோம் பல நாட்கள் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஓரிரண்டு நாட்களில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். பிறகு ஏ.சி.யைப் போட்டதும் முக்கு நாற்றம், தும்மல், ஆஸ்துமாக்காரருக்கு மூச்சிரைப்பு. தெருவில் தேங்கியது வெறும் மழைத் தண்ணீர் அல்ல, சாக்கடையும் கலந்தது என்பதை மறக்கக் கூடாது.

ஆகவே முறையான வேலை இருக்கையைக் கழற்றுவதில் ஆரம்பிக்கிறது. முதலில் பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் தெரியும் மஞ்சள் நிற இணைப்புகள் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றைத் தெரிந்த மெக்கானிக் மட்டுமே தொட வேண்டும். அடுத்து, தோல் உறையைப் பிடித்திருக்கும் கம்பி வளையங்களைக் குஷன் வேலைக்காரர் ஒவ்வொன்றாக வெட்டி உறையை உரிப்பார். சாக்கடைத் தண்ணீரில் ஊறிய ஃபோமைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடுவதே நல்லது.

உறையை நல்ல தண்ணீரிலும் மிதமான சோப்பிலும் சேறு போகத் துடைத்து, நிழலில், மின்விசிறிக் காற்றில் விரிக்க வேண்டும். கொல்கத்தாவின் ஈரக்காற்றில் இது ஒரு வாரம்கூட ஆகலாம். சற்றே ஈரம் இருக்கும்போதே தோலுக்கான கண்டிஷனரை மெல்லிய பூச்சாகப் பலமுறை தடவ வேண்டும். கார் தோலின் மேற்புறத்தில் பெயின்ட் போன்ற ஒரு படலம் இருப்பதால், பின்புறத்தில் தடவினால்தான் நன்றாக ஊறும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயைத் தடவுவது தவறு. தோல் கறுக்கும், நாளடைவில் சிக்கு வாடை வரும். சாயம் போன இடங்களுக்கு நிறம் பூசுவது கடைசி வேலை.

இவ்வளவும் செய்யுமுன் ஒரு கேள்வி: அது தோல்தானா? விற்பனையாளர்கள் ‘லெதர்’ என்று சொல்லும் பல இருக்கைகள் பிளாஸ்டிக் பூசிய துணிதான். உறையின் பின்புறத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். நார்நாராக இருந்தால் தோல், நெசவு தெரிந்தால் துணி. துணிக்குக் கண்டிஷனர் வீண் செலவு.

தோலறிவுக்கு இந்த நகரத்தில் பஞ்சமில்லை. டாங்ராவில் சீன வம்சாவளியினர் தலைமுறைகளாகத் தோல் பதனிட்டார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, அத்தொழில் ஈரநிலத்துக்கு அப்பால் பான்தலாவுக்கு நகர்ந்தது. அதே ஆண்டில்தான் வேலூர், ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளைப் பற்றிய தீர்ப்பும் வந்தது. பழைய கார் பாகங்களுக்கு மல்லிக் பஜார் இருக்கிறது, சென்னைக்குப் புதுப்பேட்டை இருப்பதுபோல. அங்கெல்லாம் கை தேர்ந்தவர்கள் உண்டு. நாளைக்கே வண்டி வேண்டும் என்று நிற்கும் வாடிக்கையாளருக்கு அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் மட்டும் அவசரம் நல்லது. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு வெள்ளச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. முழுப் பாலிசி உள்ளவர்கள் எதையும் கழற்றுமுன் புகைப்படம் எடுத்து, கம்பெனிக்குத் தகவல் தர வேண்டும். சர்வேயர் பார்க்குமுன் ஃபோமை எறிந்துவிட்டால், எறிந்தது நஷ்டக் கணக்கில் சேராமல் போகலாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்ப்பது அதைவிடப் பெரிய தவறு.

மேலுக்குப் பாலிஷ் போட்டு விற்கப்படும் வண்டிகளால் ஏமாறுபவர் இன்னொருவர். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னைவாசிகளுக்கு இது புதிய பாடமல்ல. வெள்ளத்தில் மூழ்கிய கார் இன்னொரு ஊருக்குப் போனால் சாதாரணப் பழைய கார் ஆகிவிடும். வாங்குபவர் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்கட்டும். அடிமுனையில் சேற்றுக் கோடு இருக்கலாம். இருக்கையின் தண்டவாளத்தில் துருவைத் தேடட்டும். பழைய வண்டியில் இருக்கை மட்டும் புத்தம் புதிதாக மின்னினால் ஏன் என்று கேட்கட்டும்.

தோலைத் தடவிப் பார்த்துத் திருப்தி அடைவதில் பயனில்லை. கையை வைத்து நன்றாக அழுத்தி, பிறகு மோந்து பார்க்க வேண்டும். சதுப்பைத் தூர்த்துக் கட்டிய ஊர்க்காரர்களுக்கு, மேலே காய்ந்திருப்பதை நம்பக் கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு மழையும் அதைத்தான் ஞாபகப்படுத்திவிட்டுப் போகிறது.