ஊர்க் கணக்கில் இல்லாத மருத்துவச்சி

1812 ஜூன் மாதம், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் கென்னபெக் ஆற்றங்கரை ஊர்களுக்காக வெளிவந்த ஒரு செய்தித்தாளில் ஒற்றை வரி இரங்கல் வந்தது. எஃப்ரேம் பல்லார்டின் மனைவி மார்த்தா, வயது 77, ஆகஸ்டாவில் காலமானார். அவ்வளவுதான். அந்த அம்மாள் என்ன வேலை பார்த்தார், எத்தனை வீடுகளில் கண் விழித்தார், எத்தனை பிள்ளைகளை முதன்முதலில் கையில் ஏந்தினார் என்பது பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இன்று மெய்ன் மாநிலம் என்று சொல்லப்படும் அந்தப் பகுதி அன்று மாசச்சூசெட்ஸோடு சேர்ந்திருந்தது. மாசச்சூசெட்ஸில் 1781-லேயே மருத்துவர்கள் சங்கம் வைத்து, தேர்வு நடத்திச் சான்று கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மார்த்தாவிடம் அந்தச் சான்று கிடையாது, பட்டமும் கிடையாது. ஆனால் ஆகஸ்டா பின்னால் பிரிந்து தனி ஊரான ஹாலோவெல்லில் பிள்ளைத்தாச்சிக்கு இடுப்புவலி கண்டால் அவரைத்தான் கூப்பிட்டார்கள். காய்ச்சலுக்குக் கஷாயம், புண்ணுக்குக் களிம்பு, இருமலுக்குப் பாகு என்று எல்லாம் அவர் கைமருந்துதான். உயிர் போய்விட்டால் உடலைக் கழுவி உடுத்தி அடக்கத்துக்குத் தயார் செய்வதும் அவரே.

இப்படிப்பட்ட ஒருவரைப் பழைய ஆவணங்களில் தேடினால் என்ன கிடைக்கும்? ஊர்ப் பதிவேடுகளில் கணவர் எஃப்ரேம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறார். அவர் நில அளவையாளர். பெரிய நிலக்காரர்களுக்காக அளக்கப் போனதால் குடியேறிகளின் கோபத்துக்கு ஆளானவர். 1795-ல் பழங்குடியினர் போல வேடமிட்ட ஆட்கள் அவரை வழிமறித்து அளவைக் கருவிகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஊருக்கு வரி வசூலித்தவரும் அவர்தான். வசூலாகாத பாக்கிக்காகத் தள்ளாத வயதில் கடன் சிறையில் கிடந்தார். இவை எல்லாவற்றுக்கும் தாள் உண்டு. மணமான பெண்ணின் சொத்தும் கடனும் கணவர் பெயரில்தான் இருக்கும் என்பது அக்காலச் சட்டம். ஆகவே மார்த்தா சம்பாதித்தது எதுவும் எந்தப் பேரேட்டிலும் தனியாக ஏறவில்லை. பிறந்த ஆண்டு 1735, மணமான ஆண்டு 1754, ஒன்பது பிள்ளைகள், அவர்களில் மூன்று பெண்கள் 1769-ல் தொண்டை அடைப்பான் கொள்ளைநோயில் சில நாள் இடைவெளியில் போய்விட்டார்கள். ஊர்ப் பதிவுகளை மட்டும் நம்பினால் அவர் வாழ்க்கை இத்தோடு முடிந்தது.

மார்த்தா எழுதி வைத்தார் என்பதால்தான் நமக்கு அவரைத் தெரியும். 1785 ஜனவரி 1-ல் தொடங்கி 1812 மே 7 வரை, 27 ஆண்டுகளுக்கு மேல், 9,965 நாட்களுக்கான குறிப்புகள். தாளை மடித்துத் தானே தைத்துக்கொண்ட சிறு ஏடுகளில், இறகுப் பேனாவால் எழுதியவை. அவருக்குப் பின் அவை மகளிடமும் பேத்திகளிடமும் தங்கின. 1884-ல் மேரி ஹோபார்ட் என்ற கொள்ளுப்பேத்தியின் மகளுக்கு வந்து சேர்ந்தன. அந்த ஆண்டுதான் மேரி மருத்துவப் பட்டம் பெற்றிருந்தார். 1930-ல் அவர் அவற்றை மெய்ன் மாநில நூலகத்துக்குக் கொடுத்தார்.

ஏடுகள் பத்திரமாக இருந்தன, படித்தவர்கள்தான் பொருட்படுத்தவில்லை. 1870-ல் ஆகஸ்டா நகரின் வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் நார்த் அவற்றைப் பார்த்திருக்கிறார். பெரும்பகுதி பொது வாசகருக்குச் சுவையற்றது என்று நினைத்தார். பின்னால் வந்தவர்களுக்கும் அது வீட்டு வேலைகளின் பட்டியலாகத்தான் தெரிந்தது. நூல் நூற்றது, துணி வெளுத்தது, அவரை நட்டது, ஆற்றைக் கடந்தது, பிரசவம் பார்த்தது, வீடு திரும்பியது. மறுநாளும் அதுவே.

லாரல் தாட்சர் உல்ரிச் என்ற வரலாற்றாசிரியர் அந்த ‘அதுவே’யைத்தான் பிடித்துக்கொண்டார். சுவையான சம்பவங்களைப் பொறுக்கி எடுக்காமல் ஒவ்வொரு நாளையும் எண்ணினார். யார் வீட்டுக்குப் போனார், எவ்வளவு நேரம் இருந்தார், என்ன கூலி வந்தது என்று பிரித்து அடுக்கினார். பிறகு நீதிமன்றக் கட்டுகள், வரிப் பட்டியல்கள், உயில்கள், ஊர் எழுத்தர் ஹென்றி சீவாலின் சொந்த நாட்குறிப்பு என்று மற்ற தாள்களை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 1990-ல் வந்த அவருடைய புத்தகத்துக்கு 1991-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஊர் வரலாறு தேடும் எவருக்கும் இதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

எண்ணியபோது கிடைத்ததைப் பாருங்கள். 1787 ஆகஸ்டில், செங்காய்ச்சல் ஊரைச் சுற்றிய மூன்று வாரங்களில், மார்த்தா நான்கு பிரசவம் பார்த்திருக்கிறார். ஒரு பொய்வலிக்கு ஓடியிருக்கிறார். நோயாளிகளைப் பார்க்க 16 முறை போயிருக்கிறார். மூன்று உடல்களை அடக்கத்துக்குத் தயார் செய்திருக்கிறார். நடுவில் மூலிகை பறித்துக் காயவைத்ததும், கணவரின் தொண்டைப் புண்ணுக்கு வைத்தியம் பார்த்ததும் உண்டு. அப்போது அவருக்கு வயது 52.

மொத்தம் 816 பிரசவங்கள். ஒவ்வொரு குறிப்பின் ஓரத்திலும் அந்த ஆண்டில் அது எத்தனையாவது குழந்தை என்று எண் போட்டிருக்கிறார். கூலி கைக்கு வந்ததும் இரண்டு பெருக்கல் குறி. இப்படிக் கணக்கு வைத்த கைக்கு எந்தச் சங்கமும் சான்று தந்திருக்கத் தேவையில்லை. பிரசவ நேரத்தில் ஒரு தாய்கூட அவர் கையில் சாகவில்லை. பிள்ளை பெற்ற பின், படுக்கையில் இருந்த நாட்களில் இறந்தவர்கள் ஐந்து பேர். பிற்காலத்து லண்டன், டப்ளின் மருத்துவமனைகள் சிலவற்றில் தாய்மார் இறப்பு இதைவிடப் பல மடங்கு.

அந்த ஊருக்கு 1790-களில் பெஞ்சமின் பேஜ் என்ற இளம் டாக்டர் வந்தார். 1794-ல் ஒரு பிரசவ வீட்டில் ஆட்கள் பயந்துபோய், மார்த்தா இருக்கும்போதே அவரை அழைத்துவிட்டார்கள். அவர் 20 சொட்டு அபின் சாராயம் கொடுத்தார். சீராக வந்துகொண்டிருந்த வலி நின்று, அந்தப் பெண் மயங்கிக் கிடந்தாள். சாயங்காலம் வாந்தி எடுத்த பிறகுதான் வலி திரும்பியது. மார்த்தா இதைத் திட்டி எழுதவில்லை. நடந்ததை வரிசையாக எழுதி, சொட்டுகளின் எண்ணிக்கையையும் போட்டுவிட்டார். ஒரு நல்ல வைத்தியரின் குறிப்பு அது.

பிரசவ அறையில் சட்டமும் நுழைந்தது. மணமாகாத பெண் என்றால், வலியின் உச்சத்தில் தகப்பன் யாரென்று மருத்துவச்சி கேட்டாக வேண்டும். அந்த நேரத்தில் பொய் வராது என்பது நம்பிக்கை, அந்தச் சொல் வழக்கில் சாட்சியமாகும். 1791 அக்டோபரில் சாலி பியர்ஸ் என்ற பெண்ணிடம் மார்த்தா இதைக் கேட்டார். வந்த பதில், மார்த்தாவின் சொந்த மகன் ஜோனாதன். அதையும் மறைக்காமல் எழுதினார். நான்கு மாதத்தில் ஜோனாதனுக்கும் சாலிக்கும் திருமணம் நடந்தது.

இதைவிடக் கனமான ஒன்றும் உண்டு. ஊர்ப் பாதிரியார் ஐசக் ஃபாஸ்டரின் மனைவி ரெபெக்கா, 1789-ல், தன்னைப் பலவந்தம் செய்ததாக நீதிபதி ஜோசஃப் நார்த் மீது குற்றம் சாட்டினார். நகர வரலாறு எழுதிய ஜேம்ஸ் நார்த் இந்த நீதிபதியின் வழித்தோன்றல். ரெபெக்கா இதை முன்பே மார்த்தாவிடம் சொல்லியிருந்தார். வேறு யாரிடமும் சொல்லாதே என்றுதான் அப்போது மார்த்தா கெஞ்சினார். எதிரே நிற்பவர் யாரென்று அவருக்குத் தெரியும். ஆனால் விசாரணைக்கு அழைத்தபோது தயங்காமல் போய்ச் சாட்சி சொன்னார். 1790 ஜூலையில் பௌனல்பரோ நீதிமன்றம் நார்த்தை விடுவித்தது. நீதிமன்றத்துக்கு அத்தோடு காரியம் முடிந்தது. அந்தத் தீர்ப்பைக் கேட்டு ஊரார் திகைத்ததையும், ரெபெக்கா பட்ட பாட்டையும் சொல்வது மார்த்தாவின் ஏடுதான்.

ஹாலோவெல்லில் வைத்தியம் பார்த்த பெண் மார்த்தா ஒருவர் மட்டும் அல்ல என்பதும் அவர் எழுத்தாலேயே தெரிகிறது. காய்ச்சல் வீட்டில் மாற்றிமாற்றி விழித்திருந்தவர்கள், மருந்து காய்ச்சிக் கொடுத்தவர்கள், அவருக்கு முன்னால் அந்த ஆற்றங்கரையில் பிரசவம் பார்த்தவர்கள் என்று எத்தனையோ பெண்கள் அந்த ஏடுகளில் வருகிறார்கள். ஒரு கறுப்பினப் பெண் மருத்துவரைப் பற்றியும் போகிறபோக்கில் ஒரு குறிப்பு உண்டு. ஊர்ப் பதிவேடு அவர்கள் யாரையும் வைத்தியர் என்று எழுதவில்லை. உல்ரிச் அவர்களையும் தேடினார். வரிப் பட்டியலில் கணவர் பெயரைப் பிடித்து, உயிலில் மகன் பெயரைப் பிடித்து, அந்த வீட்டில் இருந்த பெண் யாரென்று ஒவ்வொருவராக அடையாளம் கண்டுகொண்டே போனார்.