வரம்பு கடக்கும் வெப்பம்

கிணற்றுப் பாசனத் தோட்டத்தில் மடை மாற்றி நீர் பாய்ச்சும் உழவரைக் குருவிகுளம் வட்டாரத்தார் அனைவரும் அறிவர். வரப்பில் ஓர் எலிவளை இருந்தாலும் அடுத்த பாத்தி நனைந்துவிடும். எந்தப் பாத்தி எவ்வளவு நீர் குடித்தது என்னும் கணக்குப் பிழைபடும். விண்ணின் எக்ஸ் கதிர்களை அளக்க முனையும் அறிவியலாரும் இத்தகைய இடர்ப்பாட்டையே எதிர்கொள்கின்றனர்.

எக்ஸ் கதிர்களைக் காற்று மண்டலம் தடுத்துவிடுகிறது. ஆதலின் கருவிகளை விண்ணுக்கே அனுப்ப வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய ‘சந்திரா’ தொலைநோக்கி 1999இலும், நம் நாட்டின் ‘அஸ்ட்ரோசாட்’ 2015இலும் ஏவப்பட்டன. அடுத்த தலைமுறைக்கென ஐரோப்பிய விண்வெளி முகமையின் ‘அத்தீனா’ திட்டத்தில் உருவாகி வருபவை மீக்கடத்தி உணர்விகள்.

கடுங்குளிரில் சில உலோகங்களின் மின்தடை முற்றிலும் மறைந்துவிடும். இம்மீக்கடத்து நிலையை 1911இல் காமர்லிங் ஆனஸ் பாதரசத்தில் கண்டறிந்தார். தடை மறையும் விளிம்பிலேயே ஒரு மெல்லிய உலோகப் படலத்தை நிறுத்திவைத்தால், சிறிதளவு வெப்பமும் அதன் தடையைப் பன்மடங்கு உயர்த்தும். இப்படலம் ஏறத்தாழ 0.1 கெல்வின் குளிரில் இயங்குகிறது. எக்ஸ் கதிர்த்துகள் ஒன்று விழுந்ததும் வெப்பம் எழுகிறது, தடை உயர்கிறது, மின்னோட்டம் குறைகிறது. அக்குறைவைக் கொண்டு துகளின் ஆற்றல் கணிக்கப்படுகிறது. பின்னர் அவ்வெப்பம் குளிர்ந்த அடித்தளத்துக்கு வடிந்துவிட வேண்டும்.

இடர் தோன்றுவது இவ்விடத்தில்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட உணர்விகள் படப்புள்ளிகளாக ஒரே சிலிக்கான் தகட்டில் நெருங்கி அமைகின்றன. வடியும் வெப்பத்தில் ஒரு சிறு பங்கு தகட்டின் வழியே அண்டைப் புள்ளிக்கும் செல்கிறது. அதே கணத்தில் அங்கும் ஒரு துகள் விழுந்திருப்பின் அதன் அளவு பிறழ்கிறது. இதுவே வெப்பக் குறுக்கீடு.

சிறு கசிவுதானே எனக் கருதலாகாது. 6000 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு கசிந்தால் 6 எலக்ட்ரான் வோல்ட். அதே ஆற்றலுடைய அண்டைத் துகளின் அளவு அவ்வளவு பிறழ்ந்தால், அது காட்டும் வாயுவின் வேகத்தில் நொடிக்கு 300 கிலோமீட்டர் பிழை நேரும். பெர்சியஸ் விண்மீன்திரள் கூட்டத்து வெப்ப வாயுவின் கொந்தளிப்பு வேகமோ நொடிக்கு ஏறத்தாழ 164 கிலோமீட்டர்தான் என, வேறு வகை வெப்ப உணர்வி கொண்ட ஜப்பானின் ‘ஹிட்டோமி’ 2016இல் அளந்தது. பிழை உண்மையை விஞ்சிவிடும் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இதற்குத் தீர்வும் உண்டு. தகட்டின் பின்புறத்தில் செம்பு அல்லது பொன் பூசினால் வெப்பம் அண்டைப் புள்ளியை நாடாமல் விரைந்து வடியும். எஞ்சும் கசிவை முன்னரே அளந்து கணக்கில் கழிக்கலாம்; ஒரே கணத்தில் அருகருகே விழுந்த துகள்களை ஒதுக்கியும் விடலாம்.

தமிழில் ‘வரம்பு’ என்னும் சொல் வயலின் வரப்பையும் எல்லையையும் ஒருங்கே குறிக்கும். நுண்ணுணர்வு மிகுந்த கருவிக்கே வரம்பின் காவலும் மிகுதியாக வேண்டும் என்பதை இவ்வுணர்விகள் உணர்த்துகின்றன.