கூட்டி எரிக்கும் உரம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை, வயல் பூமி. கிழக்கே, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் எழுவான்கரையில் கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி என்று ஊர் ஊராக மணல்தான். அதில் தென்னையும் மரமுந்திரிகையும் புன்னையும் தழைத்து நிற்பதைப் பார்த்தால் அடியில் சத்து குவிந்திருக்கிறது என்றே தோன்றும்.

உண்மையில் அடியில் பெரிதாக ஒன்றுமில்லை. இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், செம்பு ஆகிய நுண்சத்துகளைப் பிடித்துவைப்பவை களியும் மக்கிய இலைதழையும். மணலில் களி அரிது. போரனோ மாரி மழையோடு கரைந்து வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். சிப்பித்தூள் கலந்த மணலில் சிக்கல் வேறு: இரும்பும் துத்தநாகமும் இருந்தாலும், சுண்ணாம்பு அவற்றை வேர் எடுக்கவிடாது. இளங்குருத்து வெளிறினால் இரும்பைச் சந்தேகிக்கலாம். தென்னங்குருத்து விரியாமல் ஒட்டி, சுருங்கி வந்தால் போரனை.

ஒரு சத்தைக் கடலே தாராளமாகக் கொண்டுவந்து தருகிறது. குளோரின் பயிருக்கு இன்றியமையாதது என்று 1954இல்தான் உறுதியானது. அதை அதிகம் கேட்கும் மரங்களில் தென்னையும் ஒன்று. பிலிப்பைன்சில் கடலுக்குத் தொலைவான தோப்புகளில் கறியுப்புப் போட்டதும் காய்ப்புக் கூடியது. தென்னைக்கு உப்புப் போடுவதை மூடப்பழக்கம் என்று இனி யாரும் சிரிக்க வேண்டாம். எழுவான்கரைக்கு அந்தச் செலவும் இல்லை, கடற்காற்றே போடுகிறது.

மற்றச் சத்துகளில் பெரும்பகுதி இலையில்தான். அமேசானிலும் இப்படித்தான்: ரியோ நீக்ரோ ஆற்றோர வெண்மணற் காடுகளில் வேர்கள் மண்ணுக்குள் இறங்குவதை விட்டுச் சருகுக்குள்ளேயே பின்னிக் கிடக்கின்றன. இலை உதிருமுன் தழைச்சத்திலும் மணிச்சத்திலும் ஏறக்குறையப் பாதியை மரம் திரும்ப எடுத்துக்கொள்ளும். இரும்பு, மாங்கனீசு, சுண்ணாம்புச்சத்து ஆகியவற்றில் பெரும்பகுதி சருகோடு விழும். அது அதே இடத்தில் மக்கினால்தான் அடுத்த இலைக்குச் சாப்பாடு.

நாமோ விடிந்ததும் வளவைக் கூட்டி, குவித்து, தீ வைக்கிறோம். தழைச்சத்தும் கந்தகமும் புகையாகப் போகின்றன. சாம்பலில் எஞ்சும் பொட்டாசியத்தையும் போரனையும் முதல் மழை கழுவிவிடும். பிறகு கடையில் உரம் வாங்குகிறோம்! எனக்கு இது வீண்செலவாகவே படுகிறது.

முற்றம் வெளிச்சமாக இருக்கட்டும், பாம்புப் பயம் நியாயமானதே. ஆனால் கூட்டிய சருகைத் தென்னையடியில் வட்டமாகப் பரப்பி, மேலே பொச்சுமட்டையைக் கவிழ்த்து அடுக்குங்கள். ஈரமும் நிற்கும். இந்த மாரிக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.