காசு கொடுத்து காற்று வாங்கலாமா?

சென்னை,

கத்தரிக்காய்க்கு பேரம் பேசியவர்கள் காற்றுக்கும் பேரம் பேசும் காலம் வந்து விட்டது.

2019-ல் டெல்லி சாகேத் பகுதியில் ஒரு கடை திறந்தார்கள். விற்ற சரக்கு, பிராண வாயு! மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு 15 நிமிடம் உட்கார 299 ரூபாய். லாவண்டர் வாசனை வேறு!

2021-ல் கொரோனா இரண்டாவது அலையின்போது சிலிண்டருக்காக ஜனங்கள் அலைந்ததை மறக்க முடியாது. அந்த பயத்தில் கைக்கு அடக்கமான "ஆக்சிஜன் டப்பா"வுக்கும் கிராக்கி வந்தது. "ரெண்டு இழுப்பு இழுத்தா களைப்பு பறந்திடும்" என்று ஆசை காட்டுகிறார்கள்.

பறக்குமா?

சும்மா கிடைக்கும் காற்றிலேயே 21 சதவீதம் பிராண வாயு இருக்கிறது. ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் அதனாலேயே 95 முதல் 100 சதவீதம் வரை நிரம்பி விடும். நிரம்பிய பஸ்சில் இன்னும் எத்தனை பேரை ஏற்றுவது? டப்பாவும் சில நிமிடங்களில் காலி.

"ஆக்சிஜன் தண்ணீர்" இன்னும் வேடிக்கை. சாதாரண தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 8 மில்லி கிராம்தான் கரைந்திருக்கும். அதை பத்து மடங்கு ஆக்கினாலும் நாம் இழுக்கும் ஒரே ஒரு மூச்சில் இருப்பதை விட குறைவு! மீனுக்கு செவுள் உண்டு. நமக்கு ஏது?

இது வைத்தியம்

அழுத்த அறைக்குள் படுக்க வைத்து பிராண வாயு கொடுப்பது நிஜமான சிகிச்சை. ஆழ்கடலில் மூழ்கி எழுபவருக்கு வரும் கோளாறு, புகை விஷம், ஆறாத சில சர்க்கரைப் புண்கள் ஆகியவற்றுக்கு டாக்டர்கள் சொல்வார்கள். இளமை திரும்பும் என்று போனால் காது வலிதான் மிச்சம்.

வீட்டில் வைக்கும் மெஷினும் அப்படித்தான். நாள்பட்ட நுரையீரல் நோயாளி இஷ்டத்துக்கு அளவைக் கூட்டினால் ரத்தத்தில் கரியமில வாயு சேர்ந்து நினைவு தப்பலாம். பக்கத்தில் பீடி, ஊதுவத்தி, சாமி விளக்கு எதுவும் ஆகாது. தீ குப்பென்று பிடிக்கும்.

காசில்லாதது மூச்சுப் பயிற்சி. மெதுவாக இழுத்து விட்டால் படபடப்பு அடங்கும். பிராண வாயு கூடி அல்ல, நரம்புகள் நிதானப்படுவதால்.

டப்பாவில் பணம் போவது கூட பெரிதல்ல. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர், அதை இழுத்து விட்டு "நாளைக்குப் பார்க்கலாம்" என்று படுத்து விடுகிறாரே, அங்கேதான் ஆபத்து. அது ஆஸ்துமாவாக இருக்கலாம். ரத்த சோகையாக இருக்கலாம். இருதயமாகவும் இருக்கலாம்.

சும்மா இருக்கும்போதே மூச்சு திணறுகிறதா? நெஞ்சு அடைக்கிறதா? உதடு நீலம் பாய்கிறதா? டப்பாவைத் தேடாதீர்கள். 108-க்கு போன் போடுங்கள். அதற்கு காசு கிடையாது.