எந்த அளவுகோலால் அளக்கிறோம்? ஆப்பிரிக்க மைய உளவியலும் கறுப்பினக் குடும்பமும்

முன்னுரை

இறையியல் கல்லூரிகளில் மேய்ப்புப் பணியும் ஆலோசனைப் பணியும் கற்பிக்கப்படும்போது, உளவியலார் வகுத்துத் தந்த கருத்துகளை நாம் தயக்கமின்றி எடுத்தாளுகிறோம். மனிதன் இன்ன பருவத்தில் இவ்வாறு வளர வேண்டும், குடும்பம் இவ்வாறு அமைய வேண்டும், இதினின்று வழுவியது குறை என்றெல்லாம் வரையறைகள் நம் கையில் உள்ளன. ஆயினும் அவ்வரையறைகள் எந்த மக்களைக் கண்டு வகுக்கப்பட்டன என்னும் வினாவை நாம் அதிகமாய்க் கேட்பதில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் கறுப்பின உளவியலார் அவ்வினாவைக் கேட்டார்கள். அவர்கள் தேடிய விடையே இன்று 'ஆப்பிரிக்க மைய உளவியல்' எனப்படுகிறது. அது தோன்றிய வரலாற்றையும், கறுப்பினக் குடும்பத்தையும் சமுதாயத்தையும் கட்டியெழுப்ப அது ஆற்றிய பங்கையும், அதனை நாம் ஏற்கவேண்டிய அளவையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நோய் எனப் பெயர்பெற்ற விடுதலை வேட்கை

1851-ஆம் ஆண்டில் சாமுவேல் கார்ட்ரைட் என்னும் அமெரிக்க மருத்துவர், அடிமைகள் தங்கள் எசமானரை விட்டு ஓடிப்போவது ஒருவகை மனநோய் என எழுதி, அதற்குக் கிரேக்கச் சொற்களால் ஒரு பெயரையும் சூட்டினார். அதைத் தடுக்கும் வழிகளுள் ஒன்றாகச் சாட்டையடியையும் பரிந்துரைத்தார். எகிப்தினின்று புறப்பட்ட இஸ்ரவேலரை நாம் விசுவாசத்தின் மக்கள் என்கிறோம். அதே செயலைச் செய்த ஆப்பிரிக்கர் நோயாளிகள் எனப்பட்டனர். அளப்பவன் யார் என்பதைப் பொறுத்தே அளவு அமைகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அடிமைமுறை ஒழிந்த பின்னரும் இப்போக்கு மறையவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நுண்ணறிவுச் சோதனைகள் பரவியபோது, வெள்ளையரின் பள்ளியையும் இல்லத்தையும் மொழிவழக்கையும் அடிப்படையாய்க் கொண்ட வினாக்களுக்குக் கறுப்பினப் பிள்ளைகள் அளித்த விடைகளைக் கொண்டு, அவர்கள் பிறப்பிலேயே அறிவிற் குறைந்தவர்கள் என்று முடிவு கட்டினோர் பலர். 1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பின உளவியலாராகிய தம்பதியர், சிறு பிள்ளைகளுக்கு வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் காட்டி, எது நல்ல பொம்மை எனக் கேட்டனர். கறுப்பினப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே சுட்டினர். பிறர் வைத்த மதிப்பீடு குழந்தையின் உள்ளத்திற்குள்ளேயே குடிபுகுந்திருந்தது என்பதை இவ்வாய்வு காட்டிற்று. பள்ளிகளில் இனப்பாகுபாடு சட்டத்திற்குப் புறம்பானது என 1954-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கிளார்க்கின் ஆய்வையும் எடுத்துக்காட்டியது.

2. இயக்கத்தின் தோற்றம்

1968-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே ஆண்டில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆண்டு மாநாடு சான் பிரான்சிஸ்கோ நகரில் கூடியபோது, அங்குச் சென்றிருந்த கறுப்பின உளவியலார் தமக்கெனத் தனிச் சங்கம் ஒன்றை நிறுவினர். வெள்ளையரைக் கொண்டு வகுத்த கோட்பாடுகளால் கறுப்பினத்தாரை விளக்குவதை இனி ஏற்க இயலாது என்பதே அவர்களது நிலை. அவர்களுள் ஒருவரான ஜோசப் ஒயிட், 1970-இல் 'எபனி' என்னும் மக்கள் இதழில் கறுப்பின உளவியலின் தேவையை விளக்கிக் கட்டுரை எழுதினார். பல்கலைக்கழக ஏட்டிலன்றி, சாதாரண இல்லங்களில் வாசிக்கப்பட்ட இதழில் அவர் எழுதியது கருதத்தக்கது.

இவ்வியக்கத்திற்குத் தத்துவ அடித்தளம் இட்டவருள் முதன்மையானவர் வேட் நோபிள்ஸ். 1972-இல் வெளியான கட்டுரையில் அவர், கறுப்பின உளவியல் ஒடுக்குமுறையின் வடுக்களை மட்டும் ஆராய்ந்தால் போதாது, ஆப்பிரிக்கச் சிந்தனையிலிருந்தே தொடங்கவேண்டும் என வாதிட்டார். இதற்கு அவர் பெரிதும் துணைகொண்ட நூல் 1969-இல் ஜான் எம்பிட்டி எழுதிய 'ஆப்பிரிக்க மதங்களும் தத்துவமும்' என்பதாகும். எம்பிட்டி கென்யா நாட்டவர், ஆங்கிலிக்கன் குருவானவர், இறையியல் ஆசிரியர். ஆக, இவ்வுளவியலின் அடிக்கற்களுள் ஒன்றை எடுத்துத் தந்தவர் நம்மைப் போன்ற ஒரு போதக ஆசிரியரே என்பது நம் வாசகர் மனத்திற்கொள்ளத் தக்கது.

3. அடிப்படைக் கருத்துகள்

இவ்வுளவியலாரிடையே வேறுபாடுகள் பல உண்டு. எனினும் மூன்று கருத்துகள் பொதுவானவை எனலாம்.

முதலாவது, 'நான்' என்பது தோலின் எல்லையோடு முடிவதன்று. பெற்றோர், உற்றார், முன்னோர், இனிப் பிறக்கவிருப்போர் ஆகிய அனைவரையும் உள்ளடக்கிய விரிந்த தன்மையே மனிதனின் ஆள்தன்மை. பிறரைச் சார்ந்திராமல் தனித்து நிற்பதே முதிர்ச்சி என்னும் மேலைக் கோட்பாட்டிற்கு இது மாறானது.

இரண்டாவது, மனிதன் அடிப்படையில் ஆவிக்குரியவன். உடல், உள்ளம், ஆவி என்று அவனைக் கூறுபோட்டு, ஆவியை மட்டும் ஆய்வுக்கு வெளியே தள்ளிவிடும் உளவியல் முழு மனிதனைக் காண்பதில்லை.

மூன்றாவது, நலம் என்பது நிலவும் சமுதாயத்தோடு ஒத்துப்போவதன்று. அநீதியான அமைப்பிற்குள் அமைதியாய் அடங்கியிருப்பவனை நலமுள்ளவன் என்றும், அதை எதிர்ப்பவனை நோயுற்றவன் என்றும் சொல்வது கார்ட்ரைட்டின் வழியேயாகும்.

4. குடும்பம்: எது இல்லை? எது உள்ளது?

இக்கருத்துகள் மிகக் கூர்மையாய் மோதிக்கொண்ட களம் குடும்பம். 1965-இல் தொழில் துறையில் உயர் அலுவலராயிருந்த டேனியல் பாட்ரிக் மொய்னிகன் கறுப்பினக் குடும்பத்தைப் பற்றி ஓர் அரசு அறிக்கை எழுதினார். அடிமைமுறையும் வேலையின்மையும் அக்குடும்பத்தைச் சிதைத்துவிட்டன. தாயே தலைமை தாங்கும் அமைப்பு அம்மக்களைப் பின்னுக்கு இழுக்கிறது என்பது அதன் சாரம். அரசைச் செயற்படத் தூண்டுவதே அவர் நோக்கம் என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ளவேண்டும். ஆயினும் அறிக்கை வெளியான பின், குற்றம் வேலை தராத சமுதாயத்தினின்று நீங்கி, வேலையற்றவனின் வீட்டின்மேல் விழுந்தது.

இதற்கு மறுமொழியாக 1972-இல் ராபர்ட் ஹில் என்னும் சமூகவியலார் கறுப்பினக் குடும்பங்களின் வலிமைகளைக் குறித்து நூல் வெளியிட்டார். உறவினரின் நெருங்கிய பிணைப்பு, உழைப்பில் ஊக்கம், தேவைக்கேற்பப் பொறுப்புகளை மாற்றி ஏற்கும் இயல்பு, முன்னேறும் நாட்டம், சமயப் பற்று என ஐந்தை அவர் எடுத்துக்காட்டினார். தாயற்ற பிள்ளையைப் பாட்டி வளர்ப்பதும், அத்தை தன் வீட்டிற்கு அழைத்துக்கொள்வதும் எந்த அலுவலகத்திலும் பதிவாகாத தத்தெடுப்புகள். பதிவேட்டில் 'தந்தை இல்லை' என்ற ஒரு வரியாக நின்றது, வீட்டிற்குள் பல கைகள் சேர்ந்து தாங்கிய வாழ்வாய் இருந்தது. வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் கட்மனும் 1976-இல் வெளியிட்ட நூலில், அடிமைக் காலத்திலேயே நீண்ட மணவாழ்வும் இரு பெற்றோர் கொண்ட இல்லங்களும் பரவலாய் இருந்தன என்பதைத் தோட்டப் பதிவேடுகளைக் கொண்டு நிறுவினார். பிள்ளைகளுக்குத் தந்தையின் பெயரையும் பாட்டனின் பெயரையும் இட்டதை அவர் சுட்டினார். விற்கப்பட்டுப் பிரிந்த தந்தை, பெயரளவிலேனும் வீட்டில் இருந்தான்.

இதற்குத் திருச்சபையின் ஏடே சாட்சி பகர்கிறது. 1877 முதல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் மெதடிஸ்டு சபையாரின் 'சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்தியன் அட்வகேட்' என்னும் இதழில், 'காணாமற்போன உறவினர்' என்னும் பொருள்படும் பகுதியொன்று வந்தது. விடுதலை பெற்றுப் பல ஆண்டுகள் சென்ற பின்னும், இன்ன ஊரில் இன்ன எசமானனால் விற்கப்பட்ட என் தாயை, என் தம்பியை, என் பிள்ளையை அறிந்தவர் உண்டா என்று மக்கள் எழுதிக் கேட்டனர். அக்கடிதங்களைப் பிரசங்கபீடத்திலிருந்து வாசிக்கும்படி போதகர்கள் வேண்டிக்கொள்ளப்பட்டனர். குடும்ப உணர்வே அற்றவர்கள் எனப் பிறர் தீர்ப்பிட்ட மக்கள் எழுதிய கடிதங்கள் இவை! ஞாயிறுதோறும் அவற்றை வாசித்த போதகர் உளவியல் பயின்றவரல்லர். ஆனால் அம்மக்களிடம் எது உள்ளது என்பதை அறிந்திருந்தார்.

5. சமுதாய வளர்ச்சியில் இதன் பங்கு

இவ்வுளவியல் ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1970-களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ பள்ளிகளில் கறுப்பின மாணவர் ஏறத்தாழ 28 விழுக்காட்டினரே. ஆனால் மனவளர்ச்சி குன்றியோர்க்கான வகுப்புகளில் அவர்கள் 66 விழுக்காட்டினராய் இருந்தனர். அவ்வகுப்பில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் சிலரைக் கறுப்பின உளவியலார் மீண்டும் சோதித்தனர். பிள்ளைகளின் அச்சத்தைப் போக்கி, அவர்கள் வாழ்வுக்கு ஏற்ற சொற்களால் வினவியபோது, அவர்கள் குறைபாட்டின் எல்லைக்கு மேலான மதிப்பெண் பெற்றனர். 1971-இல் தொடுக்கப்பட்ட இவ்வழக்கில், அத்தகைய வகுப்புகளுக்குக் கறுப்பினப் பிள்ளைகளைப் பிரிக்க நுண்ணறிவுச் சோதனைகளைப் பயன்படுத்துவது பாகுபாடாகும் என 1979-இல் நீதிபதி ராபர்ட் பெக்கம் தீர்ப்பளித்தார்.

ஓக்லந்து நகரில் நோபிள்ஸ் கறுப்பினக் குடும்ப வாழ்வையும் பண்பாட்டையும் ஆராய ஒரு நிறுவனத்தை அமைத்தார். பல ஊர்களில் இளைஞரை மூத்தோர் ஒன்றுகூடி முதிர்ச்சிக்கு வழிநடத்தும் பயிற்சிகள் தோன்றின. அவற்றுள் சில சபை மண்டபங்களிலேயே நடைபெற்றன. இதில் வியப்பில்லை. 1787-இல் பிலடெல்பியாவில் ரிச்சர்டு ஆலனும் அப்சலோம் ஜோன்சும் தொடங்கிய சுதந்திர ஆப்பிரிக்கச் சங்கம், விதவையரையும் நோயுற்றோரையும் தாங்கியது. ஆலயமும் பரஸ்பர உதவியும் அம்மக்களிடம் தொடக்கமுதல் ஒன்றாகவே வளர்ந்தன. 2021 அக்டோபரில் அமெரிக்க உளவியல் சங்கமே, இனவெறியை வளர்த்ததில் தனக்கிருந்த பங்கிற்காக மன்னிப்புக் கேட்டது.

6. இறையியல் மதிப்பீடு

இதனை நாம் முழுமையாய் ஏற்கலாமா? சில எச்சரிக்கைகள் தேவை. ஆப்பிரிக்கா ஒரே மொழியும் ஒரே பண்பாடும் உடையதன்று. அதனை ஒரே சிந்தனையாய்ச் சுருக்குவது பழைய பிழையின் மறுபுறமாகும். தோலின் நிறமிக்கே தனி ஆன்மிக ஆற்றல் உண்டு எனச் சிலர் சொன்னதற்கு அறிவியற் சான்று இல்லை. வலிமையைப் போற்றும்போது சுமையை மறந்துவிடலாகாது; தாங்கும் பாட்டியைப் புகழ்ந்துவிட்டு, வேலையும் கூலியும் தராத அமைப்பை விட்டுவிடுவது நீதியன்று. எந்த இனமும் தனக்குத்தானே மீட்பராக முடியாது என்பதும் நமது அறிக்கை.

எனினும் இதன் மையத்திலுள்ள உண்மை வேதத்திற்கு அந்நியமானதன்று. ஓர் உறுப்பு பாடுபட்டால் எல்லா உறுப்புகளும் பாடுபடும் என்ற பவுலின் போதனை (1 கொரி. 12:26) தனிமனிதக் கோட்பாட்டினின்று பிறந்ததன்று. கறுப்பின இறையியலார் ஹோவர்டு தர்மன் இங்கு நமக்கு உதவுகிறார். அடிமையாய்ப் பிறந்த அவர் பாட்டியார், பவுலின் நிருபங்களைத் தமக்கு வாசிக்க விடமாட்டாராம். அன்பின் அதிகாரம் மட்டும் விலக்கு. எசமானனின் போதகர் எப்போதும் அடிமைகள் கீழ்ப்படியவேண்டும் என்ற வசனத்தையே பிரசங்கித்ததே காரணம். ஆனால் அடிமைகளுள் ஒருவரான பிரசங்கியார் வரும்போதெல்லாம், நீங்கள் அடிமைகள் அல்லர், தேவனுடைய பிள்ளைகள் என்று சொல்லி முடிப்பார். அதைக் கேட்டு நிமிர்ந்த பாட்டியார் தம் பேரனுக்கும் அதையே கற்பித்தார். 1935-இல் கொழும்பு சட்டக் கல்லூரியில், உம்மினத்தை அடிமையாக்கியவரின் மதத்தில் நீர் இருப்பது எவ்வாறு என ஒருவர் தர்மனைக் கேட்டார். அவ்வினாவை நெஞ்சில் சுமந்து அவர் 1949-இல் எழுதிய 'இயேசுவும் உரிமையிழந்தோரும்' என்னும் நூல், அச்சமும் வஞ்சகமும் பகையும் ஒடுக்கப்பட்டோர் உள்ளத்தில் செய்யும் வேலையை ஆராய்கிறது. ஆள்தன்மையின் அடித்தளம் இறைச்சாயலே (ஆதி. 1:27), பண்பாடு அச்சாயல் வாழும் வீடு.

முடிவுரை

நாம் போதகப் பணியின் தொடக்க ஆண்டுகளில், ஒரு வீட்டைச் சந்தித்துவிட்டு நமது குறிப்பேட்டில் 'ஒழுங்கற்ற குடும்பம்' என எழுதினோம். தந்தை வேற்றூரில் இருந்தார், தாய் இறந்துவிட்டார். நாம் படித்த நூலின்படி அது சிதைந்த இல்லம். பிள்ளைகளைப் பெரியம்மாளும் பாட்டியும் அண்டை வீட்டாரும் ஆறு ஆண்டுகளாய் வளர்த்து வந்ததை நாம் பின்னரே உணர்ந்தோம். அவ்வீட்டில் யார் இல்லை என்பதை எழுதினோம். யார் இருந்தார்கள் என்பதை எழுதவில்லை. நகோமியின் வீட்டிற்குச் சென்றிருந்தால், ரூத்தையும் காணாமல் திரும்பியிருப்போம்.

கறுப்பின உளவியலார் நமக்கு விடுக்கும் அறைகூவல் இதுவே. ஒரு குடும்பத்தின் குறையைப் பெயரிடுமுன், அது இதுவரை எதனால் நிலைத்து நிற்கிறது எனக் கேட்போமாக. நாம் ஏந்திச் செல்லும் அளவுகோல் எங்கே செய்யப்பட்டது என்பதையும் ஆராய்வோமாக. எந்த அளவினால் அளக்கிறோமோ, அந்த அளவினாலேயே நாமும் அளக்கப்படுவோம் (மத். 7:2).